வாசலில் சாத்திய விளக்குமாறு

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து நான்கு.

தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் தலைநரைக்கும்வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பாக்கியநாதனுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பின்லாந்தில் வந்து இறங்கி, பால் என்று நினைத்து மோர் வாங்கி வந்து, அதில் காப்பி போட்டுக் குடித்த அன்று அந்த எண்ணம் அவரை விட்டுப் போனது.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. பின்லாந்துக்குப் படிக்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நகரத்துக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் தனியாக இருந்தாள். ஆங்கிலத்திலிருந்தும் தமிழிலிருந்தும் பின்னிஷுக்கு மொழிபெயர்ப்பது அவள் பிழைப்பு. புத்தகமும் உண்டு. ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் நேரில் நின்று பேசுவதும் உண்டு.

நேரில் நின்று பேசுகிற வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே பேச வேண்டும். நோயாளி "எனக்கு வலிக்கிறது" என்றால், "இவருக்கு வலிக்கிறதாம்" என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்ல வேண்டும்.

"நாள் பூரா ஊர்ல உள்ளவங்க வலியெல்லாம் எனக்கு வந்துட்டுப் போகும் அண்ணாச்சி," என்பாள். "வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிட்டா சரியாப் போயிரும்."

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

முதல் பாடம் "எங்கே இருந்தாய்?" என்பது. வீட்டில் இருந்தேன். கடையில் இருந்தேன். படகில் இருந்தேன். ஒரு காலை முழுக்க இதையே சொல்லவைத்தாள். வீட்டில் இருந்தேன் என்பதற்குப் பின்னிஷில் இரண்டே சொல்: ஒலின் கொத்தொனா. இங்கிலாந்துக்காரனுக்கே இலக்கணம் சொல்லித்தரக் கூடியவர் என்று பெயர் வாங்கிய மனிதருக்கு இது எல்.கே.ஜி. பாடமாகப் பட்டது.

"டீச்சர், இதெல்லாம் பச்சப்பிள்ளப் பாடம். கொஞ்சம் கனமா எதாவது குடுங்க."

"கனமானதத்தான் குடுத்திருக்கேன்," என்றாள் செண்பகவல்லி.

அவர் சிரித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார்.

கிழவருக்கு இந்த வயதில் பின்னிஷ் எதற்கு என்றால், அதற்கு ஒரு வீட்டுக் கதை உண்டு. அவருடைய ஒரே மகள் அமலி அந்த ஊருக்கு வேலைக்குப் போனாள். அந்த ஊர்க்காரனையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பெயர் ஆன்ட்டி. பெயரைக் கேட்டு உறவில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாக்கியநாதன் இரண்டாவது பாதியில் முதல் ஆளாக நின்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை. போனை எடுக்கவில்லை. மனைவி சலேத்மேரி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், அவர் அசையவில்லை. போன வருஷம் அவளும் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டில் தன் இருமலைத் தானே கேட்டுக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. அமலிதான் டிக்கெட் எடுத்து அனுப்பினாள்.

பேத்தி பெயர் ஹெல்மி. அவளுக்குத் தெரிந்தது பின்னிஷ் மட்டும். கிழவரை அவள் தாத்தா என்று சொல்வதில்லை. விருந்தாளி என்றுதான் சொன்னாள். விருந்தாளி தூங்குகிறார். விருந்தாளி தோசை சாப்பிடுகிறார். சொன்னதில் குசும்பு ஒன்றும் இல்லை; அவளுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

ஒரு நாள் காலைக் கஞ்சி நேரத்தில் அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டது. "என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பாவோட அப்பா வருவார். நீங்க எங்கே இருந்தீங்க?"

கேள்வி அவருக்குப் புரிந்தது. மகளைப் பார்த்தார்.

அமலி கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மொழிபெயர்க்க மாட்டேன்ப்பா. அவ பாஷையில நீங்களே சொல்லுங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அவ பொறந்தநாள். அதுக்குள்ள சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்."

ஞாயிறு கழிந்தால் திங்கள்கிழமை அவருக்கு ஊருக்கு விமானம். பதில் சொல்லாமல் ஏறினால் மறுபடி ஒரு டிக்கெட் வராது என்று அவருக்குத் தெரியும். மகள் அவருக்குப் பிறந்தவள்தானே. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

இரண்டு நாள் யோசித்தார். பழக்க தோஷம், யோசனை ஆங்கிலத்தில் ஓடியது. சரியான சொல்லும் அகப்பட்டது. சனிக்கிழமைப் பாடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இங்கிலீஷ்ல அபார்ட்னு ஒரு சொல் இருக்கு. 'வி வேர் அபார்ட்.' அதுக்குப் பின்னிஷ்ல என்ன?"

"யாரு யார விட்டு?"

"அதுதான் அந்தச் சொல்லோட அழகு. யாரு யார விட்டுங்கறதே அதுல வராது. ரெண்டு பேரு இருக்காங்க, நடுவுல எடம் இருக்கு. யாரும் போகல. யாரும் தள்ளல."

"அழகான சொல்லுதான்."

"பின்னே? பின்னிஷ்ல சொல்லுங்க."

"நெறைய இருக்கு. ஆணியப் பிடுங்கிப் பலகையக் கழட்டி வச்சா ஒண்ணு. புருசன் பொண்டாட்டி பிரிஞ்சா ஒண்ணு. ஏரிக்குள்ள தீவு தீவாக் கெடக்கே, அதுக்கு ஒண்ணு. யாரு எங்க நிக்காங்கன்னு பாக்காம நான் சொல் எடுத்துக் குடுக்கதில்ல."

"தீவுன்னு வச்சுக்கோங்களேன்."

"தீவுகிட்டப் போயி எங்க இருந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க அண்ணாச்சி," என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். "வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வருவோம்."

பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கை நீட்டினால் அடுத்தவரைத் தொட முடியாத தூரத்தில் நின்றார்கள். பாக்கியநாதன் ஊர் வழக்கப்படி போய்க் கூரைக்கு அடியில் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் நின்றார். அந்த மனிதர் இரண்டடி நகர்ந்தார். இடம் விடுகிறார் போலிருக்கிறது என்று இவரும் நகர்ந்தார். அவர் இன்னும் நகர்ந்தார். கடைசியில் அந்தப் பாவப்பட்ட மனிதர் கூரையை விட்டே வெளியேறிப் பனியில் நனைந்துகொண்டு நின்றார்.

"இவங்க அபார்ட்டா அண்ணாச்சி?"

"பின்ன இல்லையா? ஒட்டினாத் தீட்டுங்கற மாதிரில்லா நிக்காங்க."

பஸ் வந்தது. பனியில் நின்ற மனிதர் கிழவருக்கு முதலில் வழி விட்டார். வழுக்குகிற படியில் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அப்புறம் போய் வேறொரு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் நின்னிருக்காங்க," என்றாள் படிக்குக் கீழே நின்ற செண்பகவல்லி. அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். சொல் கிடைக்கவில்லை.

பாக்கியநாதனுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டது ஒரு சொல். அகராதியில் பார்த்தால் ஆயிற்று. பார்க்கவும் செய்தார். அகராதி அவருக்கு முன்னால் ஒரு கைப்பிடிச் சொற்களைக் கொட்டிவிட்டு, வேண்டியதைப் பொறுக்கிக்கொள் என்று சும்மா இருந்தது. எதை எடுத்து வாயில் போட்டாலும் ஹெல்மியின் முகம் முன்னால் வந்து நின்றது.

புதன்கிழமை காலை பஸ் ஏறி ஏரிக்கரைக்குப் போய்விட்டார். போன் செய்யவில்லை. சொல்லிவிட்டுப் போனால் அது என்ன போக்கு என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவர்.

வீட்டு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். கதவின் மேல் ஒரு விளக்குமாறு சாத்தியிருந்தது. நீளக் கழியில் மரக்குச்சிகளைக் கட்டிய விளக்குமாறு, கதவுக்குக் குறுக்கே, வருகிறவன் கண்ணில் படட்டும் என்று வைத்த மாதிரி.

விளக்குமாறு வாசலில் நின்றால் வீட்டுக்கு ஆகாது என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரியும். லட்சுமி வர மாட்டாள் என்பார்கள். பாக்கியநாதன் வீட்டார் மூன்று தலைமுறை வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். லட்சுமி வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆனாலும் விளக்குமாறு விஷயத்தில் மட்டும் அவர்கள் ஊரோடு ஒத்துப்போகிறவர்கள்.

கதவைத் தட்டினார். பதில் இல்லை. தனியாக இருக்கிற பெண், இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை போலும் என்று அவருக்கு இரக்கமாகக்கூட இருந்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில், யார் கண்ணிலும் படாமல் படுக்கப் போட்டார். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு ஏரிக்கரைப் பாதை வழியாக நடந்து, கடைத்தெருவில் காப்பி குடித்துக் குளிர் காய்ந்துவிட்டு வரலாம் என்று போனார்.

அவர் காப்பிக்கு மேல் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது வாசல்படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நடுவயது. மடியில் காகிதப் பொட்டலம். தொப்பியிலும் தோளிலும் பனி படிந்திருந்தது. நெடுநேரம் அசையாமல் இருந்தவர் மேல்தான் பனி அப்படிப் படியும். அதே சமயம் செண்பகவல்லியின் காரும் வந்து நின்றது.

அந்த ஆளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "வெளக்குமாறு எங்க?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"நான்தான் டீச்சர் எடுத்துக் கொட்டகைல போட்டேன். வாசல்ல அத வைக்கலாமா? வெள்ளென எந்திரிச்சு அந்த முகத்துல முழிக்கதா?"

"அண்ணாச்சி, அத நான்தான் வச்சேன். இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். வெளிய போறப்போ கதவுல வெளக்குமாறச் சாத்திட்டுப் போவோம். வாறவங்க பாத்துட்டு, ஆள் இல்லன்னு திரும்பிப் போயிருவாங்க."

படியில் இருந்தவர் எழுந்தார். கால் மரத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஹெய்க்கி என்றாள் செண்பகவல்லி. பிறகு அவரிடம் பின்னிஷில் ஏதோ கேட்டாள். ஹெய்க்கி கிழவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பேசுகிறவர் சீடரைப் பார்த்துப் பேசவே, குருவுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. கையைக் கோர்த்துக்கொண்டு நடுவில் நின்று, அவர் பேசப் பேசத் தமிழில் சொன்னாள். வழக்கப்படி, அவராகவே சொன்னாள்.

"நான் மீன் குடுக்க வந்தேன். வெளக்குமாறு இல்ல. அப்போ உள்ளதான் இருக்காங்கன்னு தட்டினேன். கதவு தெறக்கல."

பாக்கியநாதன் "அடடா" என்றார்.

"மறுபடியும் தட்டினேன். தெறக்கல. போன வாரம் வேலிப்பக்கம் அவங்க மரத்துல ஒரு கெளைய வெட்டிட்டேன். கேக்காம வெட்டிட்டேன். அதுக்குத்தான் கோவமா இருக்கும்னு நெனச்சேன்."

"போயிருக்கலாமேன்னு கேளுங்க டீச்சர். இந்தக் குளிர்ல எதுக்கு உக்காரணும்?"

அவள் கேட்டாள். ஹெய்க்கி இதற்குச் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஆள் இல்லாத வீட்ட விட்டுப் போயிரலாம். ஆள் உள்ள இருந்துக்கிட்டுத் தெறக்காத வீட்ட விட்டு எப்படிப் போறது? நான் என்ன தப்பு செஞ்சேன், நான் என்ன தப்பு செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டே வாசல்ல இருந்தேன்."

தெற்கத்திப் பேச்சில், ஒரு பெண்ணின் குரலில் அந்த வார்த்தைகள் வந்தன. பாக்கியநாதனுக்குச் சட்டென்று வேறொரு வாசல் நினைவுக்கு வந்தது.

ஹெல்மி கைக்குழந்தையாக இருந்த வருஷம் அது. ஒரு மே மாதத்து மத்தியானம். பாளையங்கோட்டை வீட்டு கேட்டில் அமலி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் பிள்ளை. காலிங்பெல்லை அடித்தாள். பாக்கியநாதன் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். அடுப்படியிலிருந்து சலேத்மேரி ஓடிவந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து, "உள்ளதாம்மா இருக்காங்க. இப்பந்தான் ரேடியோ பாடிச்சு," என்று அமலியிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகும் அமலி போகவில்லை. பிள்ளையின் தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வெயிலில் நின்றாள். ஆட்டோக்காரர் வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார். அன்று வென்றுவிட்டதாகத்தான் பாக்கியநாதன் நினைத்தார். இத்தனை வருஷம் கழித்து, பனியில் நனைந்த யாரோ ஒருவர் முன்னால் நிற்கும்போதுதான் அவருக்கு வெட்கம் வந்தது. தாங்க முடியாத வெட்கம்.

செண்பகவல்லி ஹெய்க்கியிடம் நடந்ததைச் சொன்னாள். தன் கார் இல்லாததைக் கவனிக்கவில்லையா என்று கேட்டிருப்பாள் போல. அவர் பட்டறை இருக்கும் திசையைக் காட்டினார். பழுதுக்குப் போயிருக்கும் என்று நினைத்தாராம். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. பொட்டலத்தைக் கிழவர் கையிலேயே கொடுத்தார்.

"அவங்க வீட்ல இல்லன்னு இப்போ தெரிஞ்சதும் எனக்கு மனசு லேசாயிட்டு," என்றது செண்பகவல்லியின் குரல். "கோவம் இல்லல்லா? அது போதும்."

அவர் கையை வீசிக்கொண்டு தன் தோட்டத்துப் பக்கம் நடந்து போனார்.

பாக்கியநாதன் விறகுக் கொட்டகைக்குப் போய் விளக்குமாற்றை எடுத்து வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆள் வந்தாச்சுல்லா. ஓரமா வைங்க," என்றாள் செண்பகவல்லி.

ஓரமாக வைத்தார். உள்ளே போனார்கள். அவள் பொட்டலத்தைப் பிரித்து மீனைத் தண்ணீரில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். கிழவர் மேஜைக்கு முன்னால் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அந்த அபார்ட் வேண்டாம்."

"சரி."

"அது தீவுக்கான சொல்லு."

மீன் செதில் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"நான் சொல்ல வேண்டியது வேற டீச்சர். அது பெரிசு. ஞாயித்துக்கெழமைக்குள்ள என்னால படிக்க முடியுமா? எத்தன பாடம் ஆகும்?"

"பிள்ள என்ன கேட்டா அண்ணாச்சி?"

"எங்க இருந்தீங்கன்னு கேட்டா."

செண்பகவல்லி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்க இருந்தீங்க?"

பாக்கியநாதன் ஜன்னலைப் பார்த்தார். அதில் திரை இல்லை. வாசல்படியில் ஹெய்க்கி உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பனி படியாமல் கறுப்பாகத் தெரிந்தது.

"வீட்லதான் இருந்தேன்," என்றார்.

"அது முதல் பாடம், அண்ணாச்சி."